எட்டு நாள் தாமதித்தவர்கள் நாகமுத்து அவர்களுக்கு வாசித்தளிக்கும் மடல்

உயர்திரு நாகமுத்து அவர்களே!

விடியுமுன் வந்து, எல்லாரும் போன பின் போனவரே! முரண்டு பிடித்த குதிரையை முணுமுணுப்பாலேயே அடக்கியவரே! குளம்பின் சூட்டைப் புறங்கையால் அறிந்தவரே! கொடுக்காதே என்று சொன்னதற்காகக் கஞ்சன் என்ற பெயரை வாங்கி, அந்தப் பெயரோடேயே முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்தவரே! ரெம்பியா குதிரை லாயத்துப் பணியாளர்களாகிய நாங்கள், 2025 ஆகஸ்ட் இரண்டாம் நாள், இந்தச் சனிக்கிழமைக் காலையில் உங்கள் ஓய்வு விழாவில் உங்கள் முன் நின்று வணக்கம் சொல்கிறோம்.

இதற்கு அடுத்தபடியாக உங்கள் பண்புகளை வரிசைப்படுத்த வேண்டும். வரிசைப்படுத்தியும் பார்த்தோம்: நேரந்தவறாமை, நேர்மை, நிதானம். மூன்று முறை படித்தோம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஓய்வு பெறும் எவருக்கும் பொருந்துகிற உண்மையாக இருந்தது. உங்களுக்கு மட்டும் பொருந்துவது ஒன்றுதான். நம் குதிரை வெள்ளையம்மா பருத்தால் பிழைக்க மாட்டாள் என்று நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் பருக்க வைத்தோம். அவள் பிழைக்கவில்லை. இதைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு மடல் எழுத முயன்றோம், எழுத வரவில்லை. ஆகவே இது வெள்ளையம்மாவைப் பற்றியும், அவளுக்கு ஊட்டிய மீனம்மாவைப் பற்றியும் பேசுகிற மடலாகிவிட்டது. மீனம்மாவுக்குத் தெரிந்தே எழுதியிருக்கிறோம். பாராட்டு மடலில் இப்படி எழுதலாமா என்பது எங்களுக்கு இன்னமும் சரியாகத் தெரியவில்லை.

விருந்தினர்களுக்காகச் சில வரிகள். வெள்ளையம்மா எங்கள் லாயத்தின் வெள்ளைப் பெண்குதிரை. வயது பதினான்கு. பக்கத்து ஊர் குருபோங் மண்டபங்களில் நடந்த திருமணங்களில் எத்தனையோ மாப்பிள்ளைகள் அவள் முதுகில் ஏறித்தான் மாப்பிள்ளை ஆனார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தவளும் அவள்தான். வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு எதையாவது கொடுத்தார்கள். வாழைப்பழம், வெல்லம், ரொட்டி, தட்டில் மிஞ்சிய கேசரி.

நாகமுத்து அவர்களே! திங்கட்கிழமை தோறும் காலை ஏழரைக்கு நீங்கள் துணி அளக்கும் நாடாவை எடுத்து, அவளுடைய முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, வந்த அளவைக் கரும்பலகையில் எழுதுவீர்கள். 175 சென்டிமீட்டர் என்றால் அவள் எடை ஏறத்தாழ நானூறு கிலோ. அதுதான் அவளுக்குச் சரியான எடை என்பீர்கள். லாரி ஓட்டும் விமலன் ஒவ்வொரு வாரமும் வாசலில் நின்று கேட்பார்.

"அண்ணே, இந்த வாரம் கை வச்ச ஜாக்கெட்டா, கை இல்லாத ஜாக்கெட்டா?"

"அவளுக்குக் குழி அளக்குற வேல வரக்கூடாதுன்னுதான்டா இத அளக்குறேன். போய் லாரியக் கழுவு."

அன்று எல்லாரும் சிரித்தோம்.

மீனம்மா சிரித்தவர்களில் ஒருவர். அவருக்கு வயது ஐம்பத்தாறு. லாயத்தைக் கூட்டுவது, தீவனம் கலப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் ஒன்பது ஆண்டுகளாக அவர் வேலை. அவருடைய கணவர் மணியம் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பகுதியில் ஒப்பந்த வேலை பார்த்தவர். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோயில் முதலில் கால் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போய், கடைசியில் அவரும் போய்விட்டார். அவர் நோயோடு இருந்த நான்கு ஆண்டுகளும் மீனம்மா அவருக்கு ஒரு கரண்டி பாயசம் கொடுத்ததில்லை. மருத்துவமனையில் கடைசி வாரம் மணியம் ஒரு துண்டு மைசூர்பாகு கேட்டிருக்கிறார். மீனம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். கொடுக்காமல் இருந்தும் அவர் போய்விட்டார் என்பதுதான் மீனம்மாவால் தாங்க முடியாததாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்கிற வாய்க்கு இல்லை என்று இனிமேல் சொல்வதில்லை.

குதிரை கேட்கிற வாய்தான். வெள்ளையம்மாவுக்கு மீனம்மாவின் செருப்புச் சத்தம் தெரியும். கேட்டதும் கதவில் கால் தட்டுவாள், உதட்டை நீட்டுவாள். அவளுக்கு இரண்டு வேளைக் காய்ந்த புல்லும் அளந்த ஒரு கிண்ணம் தீவனமும் போதும் என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள். மீனம்மாவின் முந்தானையில் எப்போதும் ஒரு பழம் இருந்தது. நீங்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டீர்கள்.

"மீனம்மா, இங்க வா. இந்த விலாவுல கைய வையி. எலும்பு தட்டுப்படுதா?"

"இல்லண்ணே."

"அழுத்திப் பாரு."

"அழுத்தினா லேசா இருக்கு."

"விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும். இப்ப இந்தக் கழுத்து மேட்டப் புடி. கெட்டியா இருக்கா? ஊரே அழகுங்குது. இது கொழுப்பு. இதுக்கும் இனிப்புநீர் மாதிரி ஒண்ணு வரும்."

"குதிரைக்கா? சும்மா இருங்கண்ணே. அது என்ன நாளைக்கு நாலு கோப்பியா குடிக்குது?"

"உம் புருசனுக்குக் கால் போச்சுல்ல. இதுக்கும் அங்கதான் மொதல்ல புடிக்கும்."

மீனம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அவர் வீட்டுச் சாவை எடுத்து உதாரணம் காட்டியதாக அவருக்குப் பட்டது. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு குதிரை தேவைப்பட்டது.

முதலாளி திரு. புவனேந்திரன் அவர்களும் இந்த மேடையில் இருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல, அவரே சொல்லச் சொன்னதால் இதையும் எழுதுகிறோம். போன ஆண்டு ஒரு மணப்பெண்ணின் தாயார் வெள்ளையம்மாவைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ராஜா வீட்டுக் குதிரைன்னு நெனச்சி வந்தேன், சவலப் புள்ள மாதிரி இருக்கு. படத்துல நல்லாவா வரும்?" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். முதலாளி உங்களிடம் வந்து, "அண்ணே, கொஞ்சம் பூசுன மாதிரி இருந்தா என்னலா?" என்றார். பூசின மாதிரி என்பது ஆண்டு முடிவில் 181 ஆகியிருந்தது. நீங்கள் ஒவ்வொரு திங்களும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடு போட்டீர்கள். எண்ணையும் பார்த்தோம், கோட்டையும் பார்த்தோம். வெள்ளையம்மா பளபளவென்று இருந்தாள். பளபளப்பைத்தான் நம்பினோம்.

ஜனவரி ஆறாம் தேதி நீங்கள் கண் அறுவைச் சிகிச்சைக்கு விடுப்பில் போனீர்கள். ஒரு கண் முடிந்து அடுத்த கண். குனியக் கூடாது, தூசு படக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று பதினான்கு வாரங்கள். போகும்போது நாடாவை மீனம்மாவின் கையில் கொடுத்து, "திங்கக்கெழம தவறக் கூடாது. நீ அளந்தாத்தான் உனக்கு மனசுல படும்" என்று சொன்னீர்கள்.

மீனம்மா முதல் திங்கள் அளந்தார். 182. அடுத்த திங்கள் 183. மூன்றாவது திங்கள் நாடாவோடு லாயத்தின் வாசல் வரை போய், நின்று, திரும்பி வந்துவிட்டார்.

"வளர்ற ஒடம்ப அளக்கக் கூடாது. கண்ணு பட்டுரும்" என்றார்.

எங்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. பிள்ளைகளை எடை போட்டால்கூட வெளியில் எண்ணைச் சொல்லாமல் மறைக்கிறவர்கள் நாங்கள். அந்த வழக்கத்தைக் குதிரைக்கும் நீட்டுவது எங்களுக்கு இயல்பாக இருந்தது. அலுவலகத்தில் இருக்கும் ஷாந்தினி கரும்பலகையைத் துடைத்து, அதில் திருமண முன்பதிவுகளை எழுதத் தொடங்கினார். நாங்கள் படித்தவர்கள், மாலை வகுப்புக்குப் போகிறவர்கள், கைத்தொலைபேசியில் எதையும் தேடிப் பார்க்கத் தெரிந்தவர்கள். யாரும் தேடிப் பார்க்கவில்லை.

அந்த வாரங்களில் மீனம்மாவுக்கு முகம் தெளிந்தது. காலையில் பழம், பத்து மணிக்குத் தவிட்டில் வெல்லம் கரைத்து ஒரு வாளி, மாலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நீங்கள் இல்லாததால் யாரும் வெள்ளையம்மாவை ஓட்டி நடக்க வைக்கவும் இல்லை. சனி, ஞாயிறு திருமண ஊர்வலத்தில் இருநூறு அடி நடப்பதுதான் அவள் வேலை. அவள் முதுகில் முள்ளெலும்பு இருந்த இடம் வாய்க்கால் மாதிரி பள்ளமாகி, இரு பக்கமும் சதை எழும்பியது. வால் ஆரம்பிக்கும் இடத்தில் கை வைத்தால் பஞ்சு போல அமுங்கியது. வெயிலில் அரை மணி நேரம் நின்றாலே வியர்த்து ஒழுகினாள், மூச்சு வாங்கினாள். "ராணின்னா சும்மாவா? வேர்க்கத்தான் செய்யும்" என்றார் விமலன். கணவருக்குச் செய்ய முடியாமல் போனதை யாருக்கோ செய்து முடித்துவிட்ட நிம்மதி மீனம்மாவிடம் இருந்தது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் இப்போது எங்களை உறுத்துகிறது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, குருபோங்கில் ஒரு திருமணம். வெள்ளையம்மாவுக்குச் சரிகைத் துணி போட்டால் வயிற்றுப் பட்டை எட்டவில்லை. கயிறு கட்டி ஒப்பேற்றினோம். மண்டப வாசலில் ஒரு பெரியவர் அவளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அடேயப்பா! என்னா ஒடம்பு! ஏம்மா, எங்க ஊட்டுல மருமக ஒருத்தி இருக்கா, அவளயும் உங்கிட்ட உடுறேன், இந்த மாதிரி தேத்திக் குடு!"

கூட்டம் சிரித்தது. மீனம்மாவுக்குப் பெருமை. அந்த நொடியிலேயே கண் பட்டுவிடுமோ என்ற பயமும் வந்ததாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் காலையில் வெள்ளையம்மா கதவில் கால் தட்டவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, சுடுமணலில் நிற்கிறவள் போலக் குதிகாலில் நின்றாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் திரும்ப மறுத்தாள். பழத்தை மட்டும் வாங்கித் தின்றாள். தின்கிறாள் என்பதால் நோயில்லை என்று நினைத்தோம்.

"கண்ணுதான்" என்றார் மீனம்மா. "நேத்து அந்தக் கெழவன் சுத்திச் சுத்திப் பாத்தான்ல."

நாகமுத்து அவர்களே, அதற்குப் பிறகு வந்த எட்டு நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. சுருக்கிச் சொல்கிறோம். உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று அந்திகள் சுற்றிப் போட்டோம். மிளகாய் எரிந்தது, நெடி வரவில்லை. நெடி வராததால் கண்ணேறுதான் என்று உறுதி செய்துகொண்டோம். விமலன் எலுமிச்சையில் கற்பூரம் ஏற்றினார். ஷாந்தினி கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். அதை மீனம்மா வெள்ளையம்மாவின் முன்னங்காலில், குளம்புக்கு மேலே கட்டினார். அந்த இடம் கொதித்துக்கொண்டிருந்ததை மீனம்மாவின் விரல்கள் உணர்ந்தன. கண்ணேறு இறங்கும்போது சூடு வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பலவீனமாக இருக்கிறாளே என்று வெல்லத் தவிடு ஒரு வாளி இரண்டு வாளி ஆயிற்று.

நான்காம் நாள் ஷாந்தினிதான், "நாகமுத்து அண்ணனுக்குப் போன் போடுவமா?" என்று கேட்டார்.

"கண்ணுல மருந்து ஊத்திக்கிட்டுப் படுத்திருக்கிற மனுசன ஏன் அலைக்கழிக்கணும்? அடுத்த திங்கக்கெழம வந்துருவாருல்ல" என்றார் மீனம்மா.

உங்கள் மேல் உள்ள அக்கறை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது அக்கறை இல்லை. எண் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களிடம் எண் இல்லை.

ஏப்ரல் பதினான்கு, சித்திரை முதல் நாள், கறுப்புக் கண்ணாடியோடு நீங்கள் உள்ளே வந்தீர்கள். புத்தாண்டு வாழ்த்தைச் சொல்ல வாயெடுத்த மீனம்மாவைத் தாண்டி நேரே லாயத்துக்குப் போனீர்கள். குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும் குனிந்து, குளம்பில் புறங்கையை வைத்தீர்கள். கறுப்புக் கயிற்றைப் பார்த்தீர்கள். பேனாக்கத்தியால் அறுத்தீர்கள்.

"எத்தன நாளா?"

"எட்டு நாளுண்ணே."

நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும். நீங்கள் நாடாவைக் கேட்டு வாங்கி அளந்தீர்கள். 190. நானூறு கிலோவில் இருக்க வேண்டியவள் நானூற்று எழுபது கிலோவில் நின்றாள். பலகையில் முன்பதிவுகள் இருந்ததால் எழுத இடமில்லை. "விமலா, மீன் மார்க்கெட்டுக்குப் போ. ஐஸ் எவ்வளவு குடுத்தாலும் ஏத்திட்டு வா. ஷாந்தினி, டாக்டரக் கூப்புடு" என்று மட்டும் சொன்னீர்கள்.

கால்நடை டாக்டர் அம்மா எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டி விளக்கியதை மீனம்மா அன்று முழுக்கக் கேட்டார். குதிரையின் பாதத்துக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. நம் விரலில் நகம் ஒட்டியிருப்பதுபோலக் குளம்பு அந்த எலும்பில் ஒட்டியிருக்கிறது. உடம்பில் கொழுப்பு ஏறிச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகும்போது அந்த ஒட்டு வெந்து நெகிழ்கிறது. அதன் மேல் முழு எடையும் இறங்குகிறது. எடை கூடக் கூட ஒட்டு கிழிகிறது. எலும்பு சாய்ந்து குளம்பின் அடியை நோக்கி இறங்குகிறது. முதல் நாளே தீவனத்தை நிறுத்தி ஐஸ் வைத்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். மீனம்மா பக்கத்தில் இருந்ததால்தான் நிறுத்தினீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"அப்ப நான் குடுத்ததெல்லாம்?" என்று மீனம்மா கேட்டார்.

நீங்கள் ஐஸ் வாளியை அவர் பக்கம் நகர்த்தினீர்கள்.

அதன் பிறகு எட்டு வாரங்கள் மீனம்மா ஐஸ் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, இனிப்பு வடிந்த பிறகு தராசில் நிறுத்துப் போட்டார். ஒரேயடியாகப் பட்டினி போட்டாலும் இரத்தத்தில் கொழுப்பு ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னதால் வேளை தப்பாமல் போட்டார். வெள்ளையம்மா உதட்டை நீட்டுவாள். மீனம்மா வெறும் கையை விரித்துக் காட்டுவார். "இல்லடி, இல்லடி கண்ணு, கேக்காத" என்று அவர் சொல்வது அலுவலகம் வரை கேட்கும். இனிமேல் யாரிடமும் சொல்வதில்லை என்று வைத்திருந்த அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு முறை சொன்னார்.

மே மாதம் நடுவில் பத்து நாள் நன்றாக இருந்தாள். அளவு 184க்கு இறங்கியது. வெளிக் கதவு வரை பன்னிரண்டு அடி நடந்தாள். மீனம்மா ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணினார். அன்று நீங்கள் முதலாளியிடம் போய், ஓய்வு பெறும்போது கைக்கடிகாரமெல்லாம் வேண்டாம், இவளை என்னோடு அனுப்புங்கள், வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டீர்கள். முதலாளி சரி என்றார். நீங்கள் எங்களிடம் திரும்பி, "இன்னும் பத்து வருசம் இருக்கணும் இவ. இருப்பா. என்ன மீனம்மா?" என்றீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் எங்களிடம் நீங்கள் கேட்டது அந்தப் பத்து வருடம் ஒன்றுதான்.

ஜூன் முதல் வாரத்தில் வலது குளம்பின் அடியில் ஈரம் கசிந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டது. ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு டாக்டர் அம்மா ஊசியோடு வந்தார். வெள்ளையம்மா படுத்திருந்தாள். எழுந்திருக்க முயன்று முடியாமல், மீனம்மாவைப் பார்த்து உதட்டை மட்டும் நீட்டினாள்.

டாக்டர் சொன்னார்: "இனிமேல் என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம்."

ஷாந்தினி ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்து மீனம்மாவின் மடியில் வைத்தார். மீனம்மா ஒன்றைப் பிய்த்தார். உரித்தார். அவருடைய கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. குதிரை கேட்டுக்கொண்டே இருந்தது.

நீங்கள் வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டீர்கள். அந்தப் பழத்தை அவர் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்தீர்கள். இத்தனை ஆண்டுகளில் எந்தக் குதிரைக்கும் உங்கள் கையால் ஒரு பழம் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. நீங்கள் வெள்ளையம்மாவுக்கு ஏழு பழம் கொடுத்தீர்கள். ஒவ்வொன்றாக, அவள் மென்று முடிக்கும் வரை காத்திருந்து கொடுத்தீர்கள். ஏழாவது முடிந்ததும் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தீர்கள்.

நாகமுத்து அவர்களே! ஒரு பாராட்டு மடல் இந்த இடத்தில் நம்பிக்கையான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். தேடிப் பார்த்தோம். ஜூலை மாதம் புதுக் குதிரை வந்திருக்கிறது. மீனம்மா திங்கள் தோறும் அளக்கிறார். முதல் வாரம் 174, அடுத்த வாரம் 176, போன வாரம் 178. முந்தானையில் இப்போது எதுவும் இல்லை. ஆனால் சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களின் கையில் இருக்கிறது. மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டினோம். அதன் முன்னால் நின்றுகொண்டே ஊட்டுகிறார்கள். மீனம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தால், "ஒரே ஒரு பழம்லா அக்கா, பாவம்" என்கிறார்கள். போன ஞாயிறு ஓர் அம்மா மீனம்மாவை ஏற இறங்கப் பார்த்து, "குதிரைக்குக் கூடவா கஞ்சத்தனம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அளப்பது மட்டுமே எதையும் குறைப்பதில்லை என்று இப்போது எங்களுக்குத் தெரிகிறது. நீங்கள் இத்தனை ஆண்டுகள் எதை எதிர்த்து நின்றீர்கள் என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

எங்களை மன்னிக்கும்படி இந்த மடலில் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்ற பயத்தால் கேட்கவில்லை.

நீங்கள் நூறாண்டு நலமோடு வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். வாழ்த்துகிறபோதே நாக்கு கூசுகிறது; ஏனென்றால் நீங்கள் எங்களிடம் கேட்ட ஆயுள் உங்களுக்கானது அல்ல, கேட்டதும் நூறாண்டு அல்ல, வெறும் பத்து.

இம்மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்ஙனம்,
ரெம்பியா குதிரை லாயத்துப் பணியாளர்கள்

விமலன், லாரி ஓட்டுநர்

ஷாந்தினி, அலுவலகம்

மீனம்மா, தீவனப் பொறுப்பு. (தன் பெயரை விட்டுவிடலாம் என்று நாங்கள் சொன்னபோது, "நா செஞ்சத எழுதலன்னா நா கையெழுத்துப் போட மாட்டேன்" என்றவர். எழுதியதை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டு, மைசூர்பாகு பற்றிய வரியை இரண்டாம் முறை படிக்கச் சொல்லி, சரி என்று ஒப்பமிட்டவர்.)